புறக்கடை இறைச்சிக்கோழி வளர்ப்பு

புறக்கடை இறைச்சிக்கோழி வளர்ப்பு என்பது வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில், வீட்டாரின் உணவுக்காகவோ சிறு அளவிலான விற்பனைக்காகவோ கோழிகளை இறைச்சிக்காக வளர்க்கும் முறை ஆகும். பொதுவாக ஒரு தொகுதியில் 5 முதல் 50 கோழிகள் வரை வளர்க்கப்படுகின்றன. சிற்றூர்களில் தொன்றுதொட்டு இருந்துவரும் இம்முறை, நகரங்கள் விரிவடைந்ததைத் தொடர்ந்து புறநகர்க் குடியிருப்புகளிலும் கைக்கொள்ளப்படுகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டுப் புறநகர் வீடுகளுக்குப் பொருந்தும் வளர்ப்பு முறையை முதன்மையாக விளக்குகிறது.

புறநகர்க் கொல்லை, சிற்றூரின் திறந்தவெளிக்கும் வணிகப் பண்ணைக்கும் இடைப்பட்டது. சிற்றூரில் நாட்டுக்கோழி குறைந்த செலவில் வளர்வதற்குக் காரணம், அது தெருவிலும் களத்திலும் தானே இரை தேடிக்கொள்வதாகும். பண்ணையில் கறிக்கோழி குறைந்த செலவில் வளர்வதற்குக் காரணம், ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே சமயத்தில் வளர்க்கப்படுவதாகும். சுற்றுச்சுவருக்குள் அடங்கிய கொல்லையில் இவ்விரண்டு வசதிகளும் இல்லை. எனவே எந்தக் கோழி, எத்தனை கோழி, எத்தனை நாள் என்னும் மூன்று கேள்விகளுக்கான விடையே இவ்வளர்ப்பின் வெற்றி தோல்விகளைப் பெரிதும் முடிவு செய்கிறது.

பெயர்

வீட்டின் பின்புற நிலம் தமிழில் புறக்கடை, கொல்லை, கொல்லைப்புறம் எனப் பலவாறு வழங்கப்படுகிறது. யாழ்ப்பாணத் தமிழில் வீடு அமைந்துள்ள நிலம் முழுவதும் வளவு எனப்படும். கால்நடைத் துறையினரும் வேளாண் நூல்களும் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு' என்னும் சொல்லையே பயன்படுத்துகின்றனர். விரைவாக வளரும் கலப்பினக் கோழி தமிழ்நாட்டில் கறிக்கோழி அல்லது பிராய்லர் எனப்படுகிறது. உள்ளூர்க் கோழி தமிழ்நாட்டில் நாட்டுக்கோழி என்றும், இலங்கையில் ஊர்க்கோழி என்றும் அழைக்கப்படுகிறது.

வரலாறு

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். தென்னிந்தியாவில் காணப்படும் சாம்பல் காட்டுக்கோழியின் மரபுக்கூறும் வீட்டுக்கோழியில் கலந்துள்ளது. பல கோழி இனங்களில் தோல் மஞ்சள் நிறமாக இருப்பதற்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

தமிழகத்தில் வீட்டுக்கோழி சங்க காலத்திலேயே நன்கு அறியப்பட்டிருந்தது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு எடுக்கப்பட்ட நடுகல் உள்ளது. இச்சண்டைக்கோழி மரபைச் சேர்ந்த அசில் இனம், இன்றைய கறிக்கோழியின் முன்னோர்களுள் ஒன்று. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் அசில் கோழியையும் பிற சண்டைக்கோழிகளையும் கலந்து அகன்ற மார்புடைய இனம் ஒன்று உருவாக்கப்பட்டது. அது கார்னிசு என்றும் 'இந்தியன் கேம்' என்றும் பெயர் பெற்றது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாலான நாடுகளில் கோழி முதன்மையாக முட்டைக்காகவே வளர்க்கப்பட்டது. மிகுதியான சேவல்களும் முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைகளுமே இறைச்சிக்குப் பயன்பட்டன. 1923இல் அமெரிக்காவின் தெலாவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்னும் பெண்மணி முட்டைக்கோழிக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பாமல் வளர்த்து, ஏறக்குறைய 2 பவுண்டு எடையில் இறைச்சிக்காக விற்றார். பவுண்டு ஒன்றுக்கு 62 சென்ட் கிடைத்தது. 1926இல் அவர் 10,000 கோழிகளுக்கான கொட்டகையை அமைத்தார். வீட்டளவில் தொடங்கிய இம்முயற்சி அமெரிக்கக் கறிக்கோழித் தொழிலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

இதன் பின்னர் 'நாளைய கோழி' என்னும் பெயரில் அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் ஒரு போட்டி நடத்தப்பட்டது. மார்பும் தொடையும் பருத்த, விரைந்து வளரும் கோழியை உருவாக்குவதே இதன் நோக்கம். 1948இல் நடந்த இறுதிப் போட்டியில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லசு வான்டிரெசின் கார்னிசு கலப்பினக் கோழி முதலிடம் பெற்றது. இன்றைய கறிக்கோழி வகைகள் இத்தகைய கலப்புகளின் வழியே வளர்ந்தவை.

இத்தெரிவு இனப்பெருக்கத்தின் விளைவைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் அளந்து காட்டியது. 1957, 1978 ஆண்டுகளின் மரபுவழிகளும் 2005ஆம் ஆண்டின் வணிகவழியும் ஒரே தீவனத்தில் ஒன்றாக வளர்க்கப்பட்டன. 56ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம் ஆக இருந்தது. இம்முடிவு 2014இல் வெளியிடப்பட்டது.

தமிழ்நாட்டில் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகள் கறிக்கோழி வளர்ப்பின் முதன்மை இடங்களாக உள்ளன. 1990களிலிருந்து இங்கு ஒப்பந்த முறை பரவியது. இதில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் வழங்க, கொட்டகையும் உழைப்பும் உழவருடையதாக இருக்கும். வணிகப் பண்ணைகள் பெருகியபோதும் புறக்கடை வளர்ப்பு மறையவில்லை. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த ஏறக்குறைய 85.2 கோடிக் கோழியினப் பறவைகளுள் 31.7 கோடி புறக்கடையில் வளர்க்கப்பட்டவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இது ஏறக்குறைய 46 விழுக்காடு கூடுதலாகும். மொத்த எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் பெற்றது.

இனத்தைத் தெரிவு செய்தல்

கறிக்கோழி

கறிக்கோழி 6 வாரங்களில் 2 கிலோகிராமைத் தாண்டும். எடை கூடும் வேகத்திற்கு அதன் எலும்பும் இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க இயலாமல் போவதுண்டு. இதனால் கால் ஊனம், வயிற்றில் நீர் கோத்தல், திடீர் இதயச் செயலிழப்பு ஆகியவை இவ்வகையில் மிகுதியாகக் காணப்படுகின்றன. இது இரை தேடி அலைவதில்லை. தீவனத் தட்டின் அருகிலேயே அமர்ந்திருக்கும். வெப்பத்தைத் தாங்கும் திறனும் குறைவு. குறித்த நாளில் அறுக்காமல் விட்டுவைத்தால், பல கோழிகள் தம் எடையைத் தாமே சுமக்க இயலாமல் நோயுறும். ஆகவே கறிக்கோழியை வளர்ப்பவர் குஞ்சு வாங்கும் நாளிலேயே அறுக்கும் நாளையும் முடிவு செய்துகொள்ள வேண்டியுள்ளது.

நாட்டுக்கோழி

தமிழ்நாட்டு நாட்டுக்கோழிகள் உடலளவைக் கொண்டு சிறுவிடை, பெருவிடை எனப் பிரித்துப் பேசப்படுகின்றன. பெருவிடை அசில் மரபைச் சேர்ந்தது. உயரமும் கனத்த எலும்பும் உடையது. சிறுவிடை உருவில் சிறியது. அடைகாப்பதிலும் குஞ்சுகளைப் பேணுவதிலும் சிறந்தது. மத்தியப் பிரதேசத்தின் சாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் என்னும் கருங்கோழியும் அண்மைக் காலத்தில் பரவலாக வளர்க்கப்படுகிறது. அதன் இறைச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நாட்டுக்கோழிகள் வெப்பத்தைத் தாங்குவதுடன் பகைவிலங்குகளைக் கண்டு விரைந்து ஒளியவும் வல்லவை. ஆனால் 1 முதல் 1.5 கிலோகிராம் எடையை அடைய 5 மாதங்கள் வரை ஆகும்.

மேம்படுத்தப்பட்ட இனங்கள்

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இயல்புகளைப் பெறும் நோக்குடன் ஆய்வு நிறுவனங்கள் பல இனங்களை உருவாக்கியுள்ளன.

- வனராசா: ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கியது. இறைச்சி, முட்டை இரண்டிற்கும் ஏற்றது.
- கிரிராசா: பெங்களூரில் உருவாக்கப்பட்டது. பல நிற இறகுகளை உடையது.
- நந்தனம் கோழி வகைகள்: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சென்னை நந்தனத்தில் உருவாக்கியவை.
- காரி நிர்பீக்: உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிறுவனம் அசில் கலப்பில் உருவாக்கியது.

இவை ஏறக்குறைய 10 முதல் 14 வாரங்களில் உண்ணத்தக்க எடையை அடைகின்றன. பல நிற இறகுகளைக் கொண்டிருப்பதால் சந்தையில் நாட்டுக்கோழியாகவே விலை போகின்றன. இவ்வினங்களின் பெட்டைகள் அடைகாப்பது அரிது. எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் குஞ்சுகளைப் புதிதாக வாங்க நேரும்.

இடமும் கூண்டும்

சென்னைப் பகுதியில் மனைகள் கிரவுண்டு கணக்கிலும் பிற மாவட்டங்களில் சென்ட் கணக்கிலும் அளக்கப்படுகின்றன. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் ஏறக்குறைய 436 சதுர அடி. அரை கிரவுண்டு மனையில் வீடும் நடைபாதையும் போக 300 சதுர அடி எஞ்சுவதாகக் கொண்டால், அதில் 20 நாட்டுக்கோழிகளை வளர்க்கலாம். கூண்டில் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வீதம் 40 சதுர அடி தேவைப்படும். எஞ்சிய 260 சதுர அடி மேய்ச்சலுக்கு விடப்படும். எனினும் இருபது கோழிகள் கிளறினால் இவ்வளவு நிலத்தின் புல்லும் புழுபூச்சிகளும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதன் பின்னர் அந்நிலம் கோழிக்கு நடமாடும் இடமே அன்றி உணவு தரும் இடமன்று. கறிக்கோழிக்குக் கூண்டில் 1 முதல் 1.5 சதுர அடி போதுமானது.

கூண்டின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் நேரடி வெயில் உள்ளே விழுவது குறையும். தரையில் உமி, மரத்தூள் அல்லது தென்னை நார்க்கழிவு 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பப்படுகிறது. இது ஆழ்கூளம் எனப்படும். எச்சத்தின் ஈரத்தைக் கூளம் உறிஞ்சிக்கொள்ளும். கூளத்தை வாரத்திற்கு இரு முறை கிளறிவிட்டு, நனைந்த பகுதியை உடனே அகற்ற வேண்டும். ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா வளி கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் பாதிப்பதுடன் அண்டை வீட்டாரின் முறையீட்டிற்கும் காரணமாகிறது.

தெருநாய், பூனை, கீரி, மரநாய், பாம்பு, பெருச்சாளி ஆகியவை கோழிக்குப் பகைவிலங்குகள். காகமும் பருந்தும் குஞ்சுகளைக் கவர்ந்து செல்லும். பகலில் குஞ்சுகளை மூடிவைக்கப் பஞ்சாரம் என்னும் பெரிய மூங்கில் கூடை பயன்படுகிறது. தென் மாவட்டங்களில் இதைக் கொடாப்பு என்றும் கூறுவர். இரவில் கோழிகளைக் கம்பிவலை அடித்த கூண்டில் அடைத்துத் தாழிடுவது இன்றியமையாதது. வலையின் கண்கள் அரை அங்குலத்திற்கு மிகாமல் இருந்தால் பாம்பும் எலியும் நுழைவது தடுக்கப்படும்.

குஞ்சுப் பராமரிப்பு

நாட்டுக்கோழி 10 முதல் 12 முட்டைகளை அடைகாத்து 21 நாட்களில் பொரிக்கும். தாய்க்கோழியே குஞ்சுகளுக்கு வெப்பம் அளித்து, இரை காட்டி, பகையிடமிருந்து காக்கும். விலைக்கு வாங்கிய குஞ்சுகளுக்குத் தாய் இல்லாததால் இப்பணிகள் அனைத்தையும் வளர்ப்பவரே செய்ய வேண்டும்.

முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு 3 பாகை வீதம் குறைக்கப்படும். வட்டமான தகரம் அல்லது அட்டைத் தடுப்பின் நடுவே குண்டு மின்விளக்கைத் தொங்கவிட்டு வெப்பம் அளிப்பது வழக்கம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட்டு என்பது பொதுவான கணக்கு. குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. விளக்குகள் போதிய வெப்பம் தருவதில்லை.

வெப்பமானி இல்லாதபோதும் குஞ்சுகளின் நடத்தையே அளவைக் காட்டும். அவை விளக்கின் அடியில் நெருக்கியடித்து நின்று கத்தினால் வெப்பம் போதவில்லை. தடுப்பின் ஓரத்திற்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. எங்கும் பரவலாக இருந்தால் வெப்பம் சரியாக உள்ளது. மின்தடை நேரும் இரவுகளில் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறி இறப்பதுண்டு. ஆதலால் மாற்று ஏற்பாடு முன்கூட்டியே தேவை.

முதல் வார இழப்பு பெரும்பாலும் குளிர், நீரின்மை, நீர்த்தட்டில் மூழ்குதல் ஆகியவற்றால் நிகழ்கிறது. ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் வைப்பது மூழ்குவதைத் தடுக்கும்.

தீவனமும் நீரும்

கறிக்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் 22 முதல் 23 விழுக்காடு புரதமும், பின்னர் ஏறக்குறைய 19 முதல் 20 விழுக்காடு புரதமும் உள்ள தீவனம் அளிக்கப்படுகிறது. வளரும் நாட்டுக்கோழிக்கு 16 முதல் 18 விழுக்காடு போதும். மக்காச்சோளம், கம்பு, அரிசிக்குருணை ஆகியவை மாவுச்சத்தையும், சோயாப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவை புரதத்தையும் தருகின்றன.

வீட்டில் எஞ்சும் சோறு, காய்கறித் தோல், கீரைத்தண்டு முதலியன செலவைக் குறைக்கும். ஆனால் அவற்றில் புரதம் குறைவு. சோறு மட்டுமே உண்ணும் கோழி கொழுப்பு வைக்குமேயன்றி எலும்பும் தசையும் வளர்வதில்லை. இக்குறையை ஈடுசெய்யக் கரையான், அசோலா, அகத்திக்கீரை, முருங்கைக்கீரை ஆகியவை பயன்படுகின்றன. பானையில் ஈரச் சாணமும் கிழிந்த கோணியும் காய்ந்த ஓலையும் திணித்து, மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். சிற்றூர்களில் குஞ்சுகளுக்குப் புரத உணவளிக்க இம்முறை வழக்கத்தில் உள்ளது.

பூஞ்சை பிடித்த தானியத்தையும் புண்ணாக்கையும் கோழிக்கு இடக் கூடாது. மழைக்காலத்தில் ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கோழியின் கல்லீரலைச் சிதைக்கிறது.

கோழி தான் உண்ணும் தீவனத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீர் அருந்தும். கோடையில் இது மேலும் கூடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதன் வழியாகவே அது உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் வளர்ந்த கறிக்கோழிகள் பிற்பகலில் வெப்பத்தால் இறப்பதுண்டு. நனைத்த கோணிகளைக் கூண்டைச் சுற்றித் தொங்கவிடுவதும், காலையிலும் மாலையிலும் மட்டும் தீவனம் வைப்பதும் இவ்விழப்பைக் குறைக்கும். கறிக்கோழித் தொகுதியைக் கோடைக்கு முன்பே முடித்துவிடுவது பாதுகாப்பானது.

நோய்கள்

வெள்ளைக்கழிச்சல்

கோழிக்கழிச்சல், இராணிகெட் என்னும் பெயர்களும் உடைய இத்தீநுண்ம நோய் புறக்கடைக் கோழிகளின் அழிவுக்கு முதன்மையான காரணமாகும். 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், இன்றைய உத்தராகண்ட மாநிலத்தின் இராணிகெட் ஊரிலும் கண்டறியப்பட்டதால் இரு பெயர்களும் ஏற்பட்டன. வெண்மை அல்லது பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகிக்கொள்ளுதல், இறக்கை தொங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். தடுப்பூசி போடாத கோழிகளிடையே பரவினால் சில நாட்களில் ஏறக்குறைய அனைத்தும் இறக்க நேரிடும். இதற்கு மருத்துவம் இல்லை. தடுப்பு மட்டுமே உண்டு. தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதங்களில் இதற்கான இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்தி வந்துள்ளது.

பிற நோய்கள்

- கோழி அம்மை: கொண்டை, கண்ணிமை, அலகோரம் ஆகியவற்றில் கொப்புளங்கள் தோன்றும். கொசுக்களாலும் பரவும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது மரபு. ஆயினும் நோயைத் தடுப்பது தடுப்பூசியே.
- இரத்தக்கழிச்சல்: ஈரக் கூளத்தில் பெருகும் ஒட்டுண்ணியால் குஞ்சுகளுக்கு வருகிறது. கூளத்தை உலர்வாக வைப்பதே முதன்மையான தடுப்பு.
- கம்போரோ: இளங்குஞ்சுகளின் நோய் எதிர்ப்பு உறுப்பைத் தாக்கும் தீநுண்ம நோய். தெலாவேரில் உள்ள கம்போரோ என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படுகிறது.
- பறவைக் காய்ச்சல்: எச்5என்1 வகைத் தீநுண்மம் இந்தியக் கோழிகளில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. மனிதருக்கும் அரிதாகத் தொற்றக்கூடியது.

தடுப்பூசி அட்டவணை

கீழ்க்காண்பது பொதுவான முறை. பகுதிக்கு ஏற்பக் கால்நடை மருத்துவர் இதை மாற்றியமைக்கலாம்.

- 5 முதல் 7ஆம் நாள்: வெள்ளைக்கழிச்சலுக்கு எஃப் அல்லது லசோட்டா மருந்து, கண்ணில் ஒரு சொட்டு
- 14ஆம் நாள்: கம்போரோ மருந்து
- 4ஆம் வாரம்: லசோட்டா, குடிநீரில்
- 6 முதல் 7ஆம் வாரம்: கோழி அம்மைத் தடுப்பூசி
- 8ஆம் வாரம்: ஆர்2பி தடுப்பூசி, தோலுக்கடியில்

6 அல்லது 7 வாரங்களில் அறுக்கப்படும் கறிக்கோழிக்குக் கடைசி இரண்டும் தேவைப்படுவதில்லை. தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசு குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் எடுத்துச் செல்லப்பட்ட மருந்து பயன் தராது. ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கும் மேற்பட்ட அளவு அடங்கியிருப்பதும், கரைத்த மருந்தைச் சில மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டியிருப்பதும் சிறு வளர்ப்பாளருக்கு இடராக உள்ளன. ஒரே தெருவில் கோழி வளர்ப்போர் ஒரே நாளில் சேர்ந்து மருந்திட்டால் செலவு குறைவதுடன் நோய் பரவுவதும் தடைபடும்.

நோயுற்ற கோழியை இறக்குமுன் அறுத்துச் சமைப்பதும், விரைந்து விற்றுவிடுவதும் பல இடங்களில் வழக்கமாக உள்ளன. இழப்பைச் சிறிதேனும் ஈடுகட்டும் எண்ணத்தில் செய்யப்படும் இச்செயலே நோயை அடுத்த வீட்டிற்கும் அடுத்த ஊருக்கும் கொண்டு செல்கிறது. பல கோழிகள் ஒரே சமயத்தில் திடீரென இறந்தால் அவற்றைத் தொடாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். புதிதாக வாங்கிய கோழியை இரு வாரங்கள் தனியே வைத்திருந்து, பின்னரே மற்றவற்றுடன் விடுவது நல்லது.

அறுப்பும் இறைச்சியும்

அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரத்திற்கு முன் தீவனம் நிறுத்தப்படுகிறது. நீர் தொடர்ந்து வைக்கப்படும். குடல் வெறுமையாக இருந்தால் இறைச்சியில் எச்சம் படுவது குறையும். துரத்திப் பிடிக்கப்பட்ட கோழி அச்சத்தில் இறக்கையடித்துக் காயமுறும், இறைச்சியும் கடினமாகும். இதனால் இரவிலேயே பிடித்துத் தனியே வைத்திருந்து, விடியற்காலையில் மற்றக் கோழிகளின் பார்வைக்கு அப்பால் அறுப்பது வழக்கம். கூம்பு வடிவத் தகரத்தில் தலைகீழாக வைத்தால் கோழி துள்ளாது. கூரிய கத்தியால் ஒரே வெட்டில் கழுத்து நாளங்களை அறுப்பது அதன் துன்பத்தைக் குறைக்கும்.

குருதி வடிந்தபின் ஏறக்குறைய 60 பாகை செல்சியசு வெந்நீரில் முக்கால் முதல் ஒரு நிமிடம் வரை அமிழ்த்தினால் இறகுகள் எளிதில் வரும். கொதிக்கும் நீரில் இட்டால் தோல் வெந்து கிழியும். தமிழ்நாட்டில் இறகு நீக்கிய நாட்டுக்கோழியின் மேல் மஞ்சள் பூசித் தீயில் வாட்டுவர். இதனால் எஞ்சிய மென்மயிர் கருகி நீங்குகிறது. குடலை நீக்கும்போது பித்தப்பை உடைந்தால் இறைச்சி கசக்கும்.

உயிர் எடையில் 65 முதல் 72 விழுக்காடு இறைச்சியாகக் கிடைக்கும். உடனே சமைக்காத இறைச்சியைக் குளிரூட்ட வேண்டும். கோழி இறைச்சியில் சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர் ஆகிய பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை எட்டும்வரை சமைத்தால் இவை அழியும். நோய்க்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், அம்மருந்திற்குக் குறிக்கப்பட்ட விலக்குக் காலம் முடியும் வரை கோழியை அறுக்கக் கூடாது. இறகு, குடல் முதலிய கழிவுகளைத் தெருநாய்கள் தோண்டாத ஆழத்தில் புதைப்பது தேவை.

வளர்ப்பவர் பலருக்கு இறுதி நாளே கடினமானதாக அமைகிறது. குறிப்பாகச் சிறுவர்கள் குஞ்சுகளுக்குப் பெயரிட்டுப் பழகுவதால் வீட்டில் மனவருத்தம் ஏற்படுவதுண்டு. சில வீடுகளில் இறைச்சிக்கென வாங்கிய கோழிகள் அறுக்கப்படாமல் தீவனம் உண்டு முதுமையடைகின்றன. நாட்டுக்கோழிக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் கறிக்கோழிக்கு நீண்ட வாழ்வு பெரும்பாலும் நோயுற்ற வாழ்வாகவே முடிகிறது. எனவே அறுப்பவர் யார் என்பதையும் முன்னதாகவே முடிவு செய்துகொள்வது நன்று. இறைச்சிக் கடைகள் சில, கூலி பெற்று அறுத்துக் கொடுக்கின்றன.

செலவுக் கணக்கு

தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்கினால் 20 கோழிகளுக்கு ஏற்படும் தேவையைப் பின்வருமாறு தோராயமாகக் கணக்கிடலாம்.

- கறிக்கோழி: 6 முதல் 7 வாரம், கோழி ஒன்று 2 கிலோகிராம், மொத்தத் தீவனம் 80 கிலோகிராம், இறைச்சி ஏறக்குறைய 28 கிலோகிராம்
- மேம்படுத்தப்பட்ட இனம்: 12 வாரம், கோழி ஒன்று 1.5 கிலோகிராம், மொத்தத் தீவனம் 90 கிலோகிராம், இறைச்சி ஏறக்குறைய 21 கிலோகிராம்
- நாட்டுக்கோழி: 20 வாரம், கோழி ஒன்று 1.2 கிலோகிராம், மொத்தத் தீவனம் 96 கிலோகிராம், இறைச்சி ஏறக்குறைய 16 கிலோகிராம்

இதன்படி ஒரு கிலோகிராம் இறைச்சிக்குக் கறிக்கோழி 3 கிலோகிராமிற்கும் குறைவான தீவனமும், நாட்டுக்கோழி 6 கிலோகிராம் தீவனமும் உண்கின்றன. ஆயினும் கறிக்கோழி இறைச்சி கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், அதை வீட்டில் வளர்ப்பதில் பெரும்பாலும் பணம் மிஞ்சுவதில்லை. நாட்டுக்கோழியின் விலை கூடுதலாக இருப்பதால், தீவனத்தில் ஒரு பகுதியேனும் வீட்டு மிச்சத்திலிருந்தும் கொல்லையிலிருந்தும் கிடைத்தால் ஓரளவு ஆதாயம் உண்டு. கடைசி வாரங்களில் கோழிகள் இறந்தால், அதுவரை அவை உண்ட தீவனமும் இழப்பாகும். இதனாலேயே தடுப்பூசியும் இரவுக் காவலும் தீவன விலையைப் போன்றே கணக்கில் கொள்ளப்பட வேண்டியவை.

எச்சம் கலந்த கூளம் தழைச்சத்து மிக்க எருவாகும். புதிதாக இட்டால் செடியின் வேர் கருகும். சில மாதங்கள் மக்கவைத்தபின் தென்னை, வாழை, கீரைப் பாத்திகளுக்கு இடலாம்.

அண்டை வீட்டாரும் சட்டமும்

புறநகரில் எழும் முறையீடுகள் பெரும்பாலும் நாற்றம், ஈ, சேவல் கூவுதல் ஆகியவை பற்றியவை. கறிக்கோழிச் சேவல்கள் கூவும் பருவத்தை அடையுமுன்பே அறுக்கப்படுகின்றன. நாட்டுச் சேவல்கள் 3 முதல் 4 மாதங்களில் கூவத் தொடங்கும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பெட்டைக்கோழிகளைக் குறித்த எண்ணிக்கையில் வளர்க்க இசைவு உண்டு. சேவலுக்குத் தடை உண்டு. இந்தியாவில் பொதுச் சுகாதாரத்திற்குக் கேடு விளைந்தால் உள்ளாட்சி அமைப்புகள் நடவடிக்கை எடுக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் தனி விதிகள் இருக்கக்கூடும். கோழிகளைக் கால்கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துச் செல்வது போன்ற துன்புறுத்தல்கள் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும்.

தவறான கருத்துகள்

கறிக்கோழிக்கு வளர்ச்சி இயக்குநீர் ஊசி போடப்படுகிறது என்னும் கருத்து பரவலாக உள்ளது. அதன் விரைவான வளர்ச்சிக்குக் காரணம் பல பத்தாண்டுகாலத் தெரிவு இனப்பெருக்கமும் செறிவான தீவனமுமே ஆகும். ஊசி எதுவும் இன்றிக் கொல்லையில் வளர்க்கப்படும் கறிக்கோழியும் அதே வேகத்தில் வளர்வதை வளர்ப்போர் நேரில் காணலாம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் பற்றிய கவலை இதனின்று வேறானது; அதற்கு அடிப்படை உண்டு. வளர்ச்சியூக்கியாகவும் பயன்படுத்தப்பட்டு வந்த கொலிசுடின் என்னும் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அளிப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது.

இவற்றையும் பார்க்க

- நாட்டுக்கோழி
- அசில் கோழி
- சாம்பல் காட்டுக்கோழி
- வெள்ளைக்கழிச்சல் நோய்
- அசோலா